பெர்னடெற்றின் அமெரிக்கா

எங்கள் வீட்டுக் குசினியில் அமெரிக்கா விடிய வெள்ளனவே தொடங்கிவிடும். அம்மா பிட்டுக்கு மாக் குழைத்தபடி, முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கக் கமக்காரர்களுக்குக் கோதுமை விலை விழுந்த கதையை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருப்பார். நீத்துப்பெட்டியில் ஆவி வரும்போது நகரங்களுக்குக் கார் வந்துவிடும். தேங்காய்ப்பூத் தூவும்போது பெண்கள் தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொள்வார்கள். பிட்டு இறங்குவதும் நியூயோர்க் பங்குச்சந்தை விழுவதும் அநேகமாக ஒரே நேரத்தில்தான்.

அம்மாவின் பெயர் பெர்னடெற். வயது நாற்பத்தேழு. எட்மண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு உதவியாளர். அதாவது ரீச்சர் முன்னால் நின்று பாடம் நடத்த, இங்கிலீஷ் தெரியாமல் வந்த குழந்தைகளுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, அதே பாடத்தைக் கையாலும் முகத்தாலும் திரும்ப நடத்துகிறவர். ஆள் வேதக்காரி, முழங்காலில் நிற்பது பழக்கம்தானே என்று அப்பா சொல்வார். அப்பா இராஜேந்திரன் சைவம், பார்சல் வான் ஓடுகிறவர். எங்கள் அலுமாரியில் மாதாவும் பிள்ளையாரும் ஒரே தட்டில் இருக்கிறார்கள். இதுவரை சண்டை இல்லை.

உயர்தரப் பரீட்சைக்கு அம்மா படித்துக்கொண்டிருந்த வருடம்தான் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே நாளில் ஊரைவிட்டு வெளிக்கிட்டு நடந்தது. பரீட்சை அங்கேயே நின்றுவிட்டது. இத்தனை வருடம் கழித்து, போன செப்ரெம்பரில், பெரியவர்களுக்கான ஒரு கல்லூரியில் பின்னேர வகுப்புக்குச் சேர்ந்தார். அந்த ஒரு வருடத்தை ஒழுங்காக முடித்தால், ஆசிரியர் படிப்புக்கு இடம் தருவதாக ஒரு பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. ஆனால் எல்லாப் பாடமும் பாஸாக வேண்டும். ஒன்று கவிழ்ந்தாலும் இடம் இல்லை, அவர் முழங்காலிலேயே நிற்கவேண்டியதுதான். கணக்கு, இங்கிலீஷ், பிள்ளைகளின் மனம் என்று எல்லாம் நியாயமான பாடங்கள். கூடவே ஒரு வரலாறு: இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் அமெரிக்கா. ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்துப் படிப்பிக்க அது எதற்கு என்று நான் கேட்டேன். அம்மா கேட்கவில்லை. பாடத்திட்டத்தைக் கேள்வி கேட்கிற வழக்கம் அவருடைய தலைமுறைக்கு இல்லை.

அம்மாவுக்குப் படிப்பு என்றால் பாடமாக்குவது. ரியூசன் மாஸ்டர் கரும்பலகையில் எழுதிவிட்ட விடையை எழுத்துப் பிசகாமல் பாடமாக்கி, எழுத்துப் பிசகாமல் எழுதினால் முழுப் புள்ளி. சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் அதிகப்பிரசங்கி என்று காதில் ஒரு முறுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பிலும் அதே முறைதான். கடவுள் யார் என்ற கேள்விக்குச் சொந்த வசனத்தில் பதில் சொன்னவர் எவரும் மோட்சம் போனதாகத் தகவல் இல்லை.

ஆகவே அம்மா வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் தொடங்கினார். ஒழுங்கையில் நடப்பதுபோல எங்கள் ஒடுங்கிய ஹோலில் மேலும் கீழும் நடந்து, கமாவுக்கு அரை மூச்சும் முற்றுப்புள்ளிக்கு முழு மூச்சும் விட்டு, வரி வரியாக உள்ளே இறக்கினார்.

“கௌசி, புத்தகத்தைப் பிடி. பிழைச்சா நிப்பாட்டு.”

நான் படிகளில் குந்தியிருந்து பிடிப்பேன். ஒரு பந்தி முடிந்ததும் பயபக்தியோடு “ஆமென்” என்பேன்.

“எடியே, உந்தப் பகிடியை விடு. எங்கை விட்டனான்?”

“கறுப்புச் சனம் தெற்கிலையிருந்து வடக்குக்குப் போகுது. நடுவழியிலை விட்டிட்டு நிக்கிறியள்.”

“பாவங்கள். பொறு, கொண்டுபோய்ச் சேக்கிறன்.”

வேலையால் வந்த அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்பார். “இஞ்சரும், அந்தக் கோதுமை விலை இண்டைக்காவது ஏறுமே?”

“அது ஏறாது. அடுத்த அதிகாரத்திலை இன்னும் விழும்.”

“அப்ப நான் குளிச்சிட்டு வாறன்.”

வகுப்பில் புத்தகம் இல்லாமல் எழுதவேண்டிய கட்டுரை ஒன்று வந்தது. இருபதுகளில் அமெரிக்காவில் எல்லோருமா செழித்தார்கள் என்பது கேள்வி. அம்மா ஐந்து பக்கம் எழுதினார். வரும்போது எனக்கு மீன் ரோல் வாங்கிவந்தார். அவருடைய முகத்தை அப்படி வெளிச்சமாக நான் கண்டது குறைவு. கேள்வியைப் பார்த்தவுடன் விடை தானாக வந்து வரிசையில் நின்றது என்றார்.

அடுத்த கிழமை, உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, வரலாற்று ஆசிரியை ஷெறோன் போன் எடுத்தார். அம்மா மூன்று தரம் “யெஸ் மிஸ்” என்றார். பிறகு போனை வைத்துவிட்டு, மடித்திருந்த சட்டையை உதறித் திரும்ப மடித்தார்.

“என்னவாம்?”

“களவாம்.”

“என்ன களவு?”

“நான் எழுதினது புத்தகத்திலை இருக்கிறதாம். போனை ஒளிச்சு வைச்சுப் பாத்து எழுதினன் எண்டு சந்தேகமாம். ஒரு சொல்லும் மாறேல்லையாம்.”

“ஒரு சொல்லுமோ?”

“ஓம்.” அந்தக் கலக்கத்துக்குள்ளும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. உடனே அது ஓடிப்போய்விட்டது. “வியாழக்கிழமை விசாரணையாம். பெரியவரும் இருப்பாராம். ஒராளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வரலாமாம்.”

களவு என்று முடிவானால் பாடம் போய்விடும், பல்கலைக்கழக இடமும் போய்விடும். அது எங்களுக்கு விளங்கியது. அம்மாவை நித்திரை கொள்ள விடாதது வேறு ஒன்று. குழந்தைகளோடு வேலை செய்கிற ஆளைப் பற்றி நேர்மையில்லாதவர் என்று எங்காவது ஒரு வரி எழுதப்பட்டால், இப்போது இருக்கிற வேலையும் நிற்குமோ? கல்லூரி பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுமா, சொல்லாதா? யாரிடம் கேட்பது? கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால்?

அந்தக் கிழமை பிட்டு சத்தமில்லாமல் அவிந்தது. அம்மா அப்பாவின் சொக்ஸைக்கூட அயர்ன் பண்ணினார். வேலைக்குப் போகும்போது போனை வீட்டில் விட்டுவிட்டுப் போனார், அதைக் கையில் கண்டாலே யாரும் ஏதும் நினைப்பார்கள் என்பதுபோல. நான் ஒருநாள் சும்மா பகிடிக்கு ஹோலில் நின்று கோதுமை விலைப் பந்தியைச் சொன்னேன். அவர் குசினிக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு நான் அமெரிக்காப் பக்கம் போகவில்லை.

அப்பாவுக்கு இரண்டாம் நாள்தான் சொன்னார். அப்பா சோற்றில் கையை வைத்தபடி யோசித்தார்.

“நீர் பாத்து எழுதேல்லைத்தானே?”

“மாதாவாணை இல்லை.”

“பாடமாக்கித்தானே எழுதினது?”

“ஓம்.”

“அப்ப அது கெட்டித்தனமெல்லோ. போய் அவைக்கு முன்னாலை ஒருக்காச் சொல்லிக் காட்டும். வாயைப் பிளந்துகொண்டு நிப்பினம்.”

எனக்கும் அது நல்ல திட்டமாகத்தான் பட்டது. அம்மாவுக்கும் அதுதான் ஒரே நம்பிக்கை. வியாழன் வரை தினமும் உதட்டுக்குள் முழு அதிகாரத்தையும் ஓடவிட்டு, எங்காவது ஒரு கமா கழன்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

துணைக்கு நான் போனேன். எனக்குக் கல்லூரிக் கட்டடங்கள் ஒத்துவருவதில்லை. பதினாறில் அப்படியொரு இடத்திலிருந்து நான் வெளியே வந்த விதம் அவ்வளவு மரியாதையானதில்லை. இருந்தாலும் போனேன். வாசலில் விருந்தினருக்கு ஒரு ஸ்டிக்கர் தந்து, பெயரையும் என்ன தொடர்பு என்பதையும் எழுதச் சொன்னார்கள். நான் ‘கௌசி, லோயர்’ என்று எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொண்டேன்.

கூட்ட அறையில் ஷெறோன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பக்கத்தில் வகுப்புகளுக்குப் பொறுப்பான ஓக்லி, நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் என் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, சட்டத்தரணி வந்திருக்கிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குத் தண்ணீர் வார்த்துத் தந்தார். அம்மா அதைக் கண்டு, மேசைக்குக் கீழே என் தொடையில் நுள்ளிவிட்டு, எல்லோரும் பார்க்க அந்த ஸ்டிக்கரை உரித்தெடுத்தார்.

“மகள்,” என்றார் அவர்களிடம். “மன்னிக்கவேண்டும்.”

மேசையில் புத்தகமும் அம்மாவின் ஐந்து பக்கங்களும் இருந்தன. ஒரே மாதிரியான வரிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். இரண்டிலும் மஞ்சள் படாத இடம் இல்லை. கலியாணக் கார்ட் மாதிரி இருந்தது.

ஓக்லி கேட்க முன்னமே அம்மா எழுந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டினார். தொடங்கினார். போர் முடிந்தது, கோதுமை விழுந்தது, கார் வந்தது, தவணைமுறையில் வீட்டுச் சாமான் வந்தது, மதுவுக்குத் தடை வந்தது, தடைக்குப் பின்கதவால் மது வந்தது. ஓக்லி புத்தகத்தில் விரலை வைத்து வரி வரியாகப் பின்தொடர்ந்தார். ஒரு இடத்தில் அம்மா மூச்சு விட்டபோது அவருடைய விரலும் நின்றது. அங்கே கமா இருந்திருக்கும்.

“போதும்,” என்றார் அவர். “நம்புகிறேன். நீங்கள் எதையும் பார்த்து எழுதவில்லை.”

நான் கைதட்டத் தயாரானேன். அவர் புத்தகத்தை மூடினார்.

“ஆனால் ஒன்று. இந்த ஐந்து பக்கத்தில் நான் உங்களைத் தேடினேன். காணவில்லை. இதில் நீங்கள் நினைத்தது எது?”

கொண்டுவரச் சொல்லாத பத்திரம் ஒன்றை எயார்போட்டில் கேட்டதுபோல அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாகச் சொன்னார்.

“நான் நினைப்பது எதற்கு? கேள்வி அமெரிக்காவைப் பற்றியது.”

ஓக்லி சிரிக்கவில்லை. ஷெறோன்தான் சிவந்துபோனார். “இதில் என் பிழையும் இருக்கிறது,” என்றார். “பாடமாக்கவேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் செய்வார் என்றே எனக்குத் தோன்றவில்லை.”

களவு என்ற சொல்லை எடுத்துவிடலாம், ஆனால் புத்தகத்தின் வசனத்துக்குப் புள்ளி போடமுடியாது என்றார் ஓக்லி. விதிப்படி ஒரே ஒரு தரம் திரும்ப எழுதலாம். புதிய கேள்வி. இப்போதே, பக்கத்து அறையில். அது அம்மாவின் சொந்த விடையாக இல்லாவிட்டால் பாடம் போனதுதான். ஷெறோன் கேள்வித்தாளை நீட்டினார். இரண்டு போர்களுக்கும் இடையில் வானொலி அமெரிக்க நாட்டுப்புற வாழ்க்கையை எப்படி மாற்றியது?

புத்தகத்தில் வானொலிக்கு நாலே வரி. அதிலும் முக்கால்வாசி நகரத்துக்கு. அது எனக்கே தெரியும்.

“கௌசி,” என்றார் அம்மா தமிழில், உதடு அசையாமல். “இது பாடமாக்கேல்லை.”

“அதுதானம்மா அவைக்கு வேணும்.”

“என்னாலை ஏலாது. வா, வீட்டை போவம்.”

“எழுதிப்போட்டுப் போவம். வெளியிலை நான் நிக்கிறன்.”

“நீ நிண்டு?”

“லோயரெல்லோ.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் பேனையை வாங்கினார்.

அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. என்னை வெளியே கதிரையில் இருத்தினார்கள். அம்மா பெயரை எழுதினார், திகதியை எழுதினார், கேள்வியைப் பார்த்து எழுதினார். பிறகு ஒன்றும் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. நாலு வரி ஓடி முடியும், திரும்பத் தொடங்கும். வீட்டுத் திறப்பைத் தொலைத்துவிட்டு அதே கைப்பையை மறுபடி மறுபடி கிளறுகிறவர் மாதிரி இருந்தது. நான் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பன்றி முகம் காட்டினேன். அவர் நிமிரவில்லை. பேப்பர் வெள்ளையாகவே கிடந்தது. வாழ்நாள் முழுவதும் குழந்தைகளுக்குப் பக்கத்தில் நின்றவருக்குப் பக்கத்தில், அந்த நேரம் முழங்காலில் நிற்க ஒருவர் இல்லையே என்று பட்டது. எழும்பிப் போய்க் கதவைத் தட்டலாமா என்று நினைத்தேன். தட்டினால் அதையும் களவென்பார்கள்.

அப்போது அம்மா வகுப்புப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார். உள்ளே இருந்த ஷெறோன் அருகில் போனார். அம்மா ஏதோ கேட்டார். ஷெறோன் பதில் சொன்னார். அம்மா இன்னொன்று கேட்டார். ஷெறோன் பாரமான சாமான் ஒன்றை இரண்டு கையாலும் தூக்குவதுபோலச் செய்து காட்டினார். அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு குனிந்தார்.

எழுதினார். எழுதியதை வெட்டினார். அம்மாவின் கையெழுத்தில் வெட்டை நான் கண்டதே இல்லை. வெட்டிவிட்டு மேலே எழுதினார், ஓரத்தில் எழுதினார், தாளைத் திருப்பி எழுதினார். ஷெறோன் நேரம் முடிந்தது என்று சொல்லித்தான் தாளை வாங்கவேண்டியிருந்தது.

அம்மா வெளியே வந்து என் பக்கத்தில் இருந்தார். ஷெறோனும் ஓக்லியும் தாளோடு மற்ற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

“என்னம்மா எழுதினியள்?”

“நாசமாப் போச்சு. சைக்கிளை எழுதிப்போட்டன்.”

“எந்தச் சைக்கிள்?”

“ஊரிலை எங்கட வீட்டுச் சைக்கிள். பொருளாதாரத் தடை நேரம் கரண்டும் இல்லை, றேடியோவுக்குப் போடுற பற்றியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவிலையிருந்து வயர் எடுத்து றேடியோவுக்குக் குடுப்பம். ஒராள் பெடலைச் சுத்திக்கொண்டிருக்கவேணும்.”

“ஆர் சுத்துறது?”

“நான்தான், வேறை ஆர்? ஒழுங்கைச் சனமெல்லாம் வந்து குந்தியிருக்கும். செய்தி முக்கியமான இடத்துக்கு வந்தவுடனை நானும் காது குடுப்பன், கை நிண்டுடும், றேடியோ செத்துடும். எல்லாரும் என்னைத்தான் பேசுவினம். பிறகு நான் கேக்காமல் சுத்தப் பழகீட்டன்.”

இதை அவர் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. என்ன பகிடி விடுவதென்று எனக்குத் தெரியவில்லை. விடவும் மனம் வரவில்லை.

“அதுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன?”

“அதைத்தான் மிஸ்ஸிட்டைக் கேட்டனான், கரண்ட் இல்லாத கமக்காரர் எப்பிடிக் கேட்டவை எண்டு. அநேகம் பேருக்குக் கரண்டே இல்லையாம். பெரிய பற்றியாம், காரிலை இருக்கிற மாதிரி. சார்ஜ் முடிஞ்சா ரவுணுக்குத் தூக்கிக்கொண்டு போகவேணுமாம். அப்ப நான் எழுதினன், பற்றியைத் தூக்கினவைக்குக் கேக்க நேரம் இருந்ததோ எண்டு. றேடியோ இருந்த வீட்டுக்குச் சனம் வந்திருக்கும், அந்த வீட்டுக்காரர் பெரியாக்களாய் மாறியிருப்பினம் எண்டு. பிறகு, விளம்பரம். பிறிஜ்ஜை வாங்கு, உடுப்புத் தோய்க்கிற மெசினை வாங்கு எண்டு றேடியோ சொல்லுது. கேக்கிற வீட்டிலை கரண்டே இல்லை. ஆசை முதல் வந்திட்டுது, கரண்ட் பிறகுதான் வந்தது எண்டு எழுதினன்.” நெற்றியைத் தேய்த்தார். “ஒண்டும் நிச்சயமாய்த் தெரியாது கௌசி. ‘இருக்கலாம்’, ‘இருந்திருக்கலாம்’ எண்டு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறன். அமெரிக்காவைக் கேட்டவைக்கு ஒழுங்கைச் சனத்தைக் காட்டினால் ஆர் புள்ளி போடுவினம்?”

கதவுக்குப் பின்னால் ஓக்லியின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அம்மா செபமாலையைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டார், எடுக்காமலே உருட்டினார். என் விரல் ஒன்றையும் மற்றக் கையால் பிடித்திருந்தார். நோகிற பிடி.

ஷெறோன் கதவைத் திறந்து வந்தார். சைக்கிள் அளவுக்கு மிஞ்சி நீண்டுவிட்டது என்றார். பற்றியைத் தூக்கியவர்களைக் குறித்துச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, அமெரிக்கா இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார். அம்மாவின் பிடி இறுகிக்கொண்டே போனது. பிறகு சொன்னார்: ஆசையும் கரண்டும் என்ற பந்தியை ஓக்லி இரண்டு தரம் படித்தாராம். பாஸ். ஆகக் கீழ்ப் படிதான், ஆனால் பாஸ். இடத்துக்கு ஒன்றும் ஆகாது. களவு பற்றி எங்கேயும் ஒரு வரிகூடப் போகாது.

நான் மூச்சு விட்டேன். அம்மா விடவில்லை.

“மிஸ், ஒன்று கேட்கலாமா? அந்த முதல் ஐந்து பக்கத்தையும் நானே யோசித்து எழுதியிருந்தால் என்ன தந்திருப்பீர்கள்?”

ஷெறோன் தடுமாறினார். “டிஸ்டிங்ஷன்.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “பாத்தியே.”

பஸ்ஸில் மேல் தட்டில் முன் சீட் கிடைத்தது. அழுவார் என்று நினைத்து நான் ரிசுப் பேப்பர் தயாராக வைத்திருந்தேன். அவர் அழவில்லை. புதிதாக ஒரு கவலையைப் பிடித்துக்கொண்டார்.

“இனி ஒவ்வொண்டுக்கும் நான் நினைக்கவேணுமோ? அதுக்கு எங்கை நேரம்? பாடமாக்கிறதெண்டால் சமைச்சுக்கொண்டு செய்யலாம்.”

“அடுத்தது என்ன கட்டுரை?”

“பங்குச்சந்தை விழுந்த பிறகு. வேலை போன ஆம்பிளையளும் அவையின்ரை வீடும்.” கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். “வேலை போன மனுசன் காலமை எழும்பி என்ன செய்வான், கௌசி?”

“அப்பாவுக்குக் கொரோனா நேரம் பழைய வேலை போனதுதானே. அப்பவும் தினமும் உடுப்பு மாத்திக்கொண்டு வெளிக்கிட்டவர். எங்கை போனவர்?”

“வேலை தேடித்தான்.”

“கடையெல்லாம் பூட்டிக்கிடந்தது. எங்கை தேடினவர்? நீங்கள் கேட்டனியளோ?”

பஸ் இரண்டு தரிப்பு போனது. அம்மாவின் முகம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்ததைவிடக் கலங்கியிருந்தது.

“கேக்கேல்லை,” என்றார். “கேட்டால் மனுசன் நொந்துபோகும் எண்டு விட்டிட்டன்.”

போனை எடுத்தார். அப்பா முதல் மணியிலேயே தூக்கினார். காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வானுக்குள் இருந்து அவர் கத்தியது எனக்கே கேட்டது.

“பாஸோ?”

“பாஸ். அது கிடக்கட்டும், இஞ்சருங்கோ. வானை ஓரமாய் நிப்பாட்டுங்கோ. உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்.”